முதல் தனி இரவு நடை: அருள்புரத்திலிருந்து வெள்ளியங்கிரி வரை

அத்தியாயம் 6

பிப்ரவரி பிறந்துவிட்டால் திருப்பூருக்குப் பக்கத்தில் உள்ள அருள்புரத்துப் பனியன் கம்பெனிகளில் டீ டைம் பேச்சு மலைப் பக்கம் திரும்பிவிடும். போன வருடம் போய்வந்தவர் மூங்கில் தடியை வீட்டில் சாத்தி வைத்திருக்கும் பெருமையைச் சொல்வார். ஐந்தாறு பேர் சேர்ந்து வேன் பேசுவார்கள். இந்த அத்தியாயம் அந்த வேனில் இடம் பிடிக்காதவருக்கு. வயது இருக்கிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது, ஓர் இரவு முழுக்கத் தனியாக நடந்து பார்க்க ஆசை இருக்கிறது. ஆனால் எதை எடுத்துப்போவது, எதை விட்டுப்போவது என்று தெரியவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியது முதலில் ஒன்றுதான்: பையை உச்சிக்காகக் கட்டாதீர்கள், இறங்குவதற்காகக் கட்டுங்கள். ஏறும்போது உற்சாகம் தூக்கிக்கொண்டு போகும். வியர்வை குளிராக மாறுவதும், முழங்கால் நடுங்குவதும், தண்ணீர் தீர்வதும், தூக்கத்தோடு ரோட்டில் வருவதும் உச்சியைத் தொட்ட பிறகுதான்.

எந்த மலை, ஏன்

தமிழ்நாட்டில் நினைத்த காட்டுக்குள் நினைத்த இரவில் கூடாரம் அடித்துத் தங்க முடியாது. காப்புக்காட்டுக்குள் நுழையவே வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கியவர்கள் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்தும் போன மலையேற்றக் குழுவினர். 23 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தை அரசு தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டி. பகலில் நடந்து பழக இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் அது தனி நடை ஆகாது.

சட்டப்படி, தனி ஆளாக, இரவு முழுக்க நடக்க நமக்குப் பக்கத்தில் இருப்பது வெள்ளியங்கிரி. கோவைக்கு மேற்கே, போளுவாம்பட்டி வனச்சரகத்தில், பூண்டி வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயிலிலிருந்து பாதை தொடங்குகிறது. ஏழு மலை ஏறி இறங்கினால் உச்சியில் பாறைகளுக்கு நடுவே சுயம்பு லிங்கம். உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர். ஒரு வழித் தூரம் சுமார் 6 கி.மீ.தான், ஆனால் சாதாரணமாக நடப்பவருக்கு ஏற 5 முதல் 7 மணி நேரம் ஆகும். வழக்கமாகப் பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை அனுமதிக்கிறது. மற்ற மாதங்களில் மழையும் யானையும் காரணமாகப் பாதை மூடியிருக்கும். மூடியிருக்கும்போது குறுக்கு வழி தேடிப் போவது பக்தியிலும் சேராது, வீரத்திலும் சேராது.

முதல் தனி நடைக்கு இந்த மலை பொருத்தமாவதற்குக் காரணம், பருவத்தில் இங்கே யாரும் முழுத் தனிமையில் இருப்பதில்லை. உங்களுக்கு முன்னும் பின்னும் விளக்கு வெளிச்சம் நகர்ந்துகொண்டே இருக்கும். முடிவுகள் உங்களுடையவை; விழுந்தால் தூக்கிவிட ஆள் உண்டு. சிவராத்திரி, சித்ரா பௌர்ணமி இரவுகளில் நெரிசல் மிக அதிகம், முதல் தடவைக்கு அவற்றைத் தவிருங்கள். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ ஒரு சாதாரண வார இறுதி நல்லது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 10 வயதுக்கு மேல் 50-க்குள் இருக்கும் பெண்கள் மலையேறுவதில்லை என்ற வழக்கம் இங்கே நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அருள்புரத்தில் பாதி லைன் பெண்கள்தான். அவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் துணி, பை, பயிற்சிப் பகுதிகள் அப்படியே பொருந்தும்; பாதைக்கு ‘ட்ரெக் தமிழ்நாடு’ பட்டியலைப் பாருங்கள்.

யார் போகக் கூடாது

இந்த மலையில் ஏறும்போது மூச்சுத் திணறியும் மாரடைப்பிலும் இறப்பவர்கள் இருக்கிறார்கள். 2024 பருவத்தில் அடுத்தடுத்துச் சில மரணங்கள் நடந்தன. இதய நோய், ஆஸ்துமா, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் அல்லது சர்க்கரை, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, காய்ச்சலிலிருந்து எழுந்த முதல் வாரம் என இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் தனியாகப் போகாதீர்கள். 40 வயதைத் தாண்டியவர் என்றால் ஒரு ஈ.சி.ஜி.யும் ரத்த அழுத்தப் பரிசோதனையும் எடுத்து, மருத்துவரிடம் மலை ஏறப் போவதைச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு, சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு பைக்கை எடுத்து அன்று இரவே ஏறுவது. பதினைந்து மணி நேரம் விழித்திருந்த உடம்பை மேலும் பத்து மணி நேரம் நடக்க வைப்பது அது. ஏறும் நாளுக்கு முந்தைய இரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். ஏறும் நாளில் மதியம் இரண்டு மணி நேரமாவது படுக்க வேண்டும். அதற்கு லீவு கிடைக்காத வாரம் மலைக்கு உரிய வாரம் இல்லை.

நான்கு வாரப் பயிற்சி

ஜிம் வேண்டாம், படிக்கட்டு போதும்.

முதல் வாரம்: தினமும் அரை மணி நேரம் வேக நடை. மலைக்குப் போடப்போகும் அதே ஷூ.

இரண்டாம் வாரம்: மூன்று நாள் படிக்கட்டு. மூன்று மாடிக் கட்டடம் என்றால் பத்துத் தடவை ஏறி இறங்குங்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். பேச்சு நின்றால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாம் வாரம்: அதே படிக்கட்டு, முதுகில் 4 கிலோ. ஞாயிற்றுக்கிழமை சென்னிமலை போங்கள். 1,320 படி. பையோடு ஏறி இறங்கி, கொஞ்சம் ஓய்வெடுத்து, மறுபடி ஒரு தடவை.

நான்காம் வாரம்: செவ்வாய், புதன் மட்டும் லேசான நடை. வியாழனிலிருந்து ஓய்வு.

இறங்குவதையும் பயிற்சியாக எண்ணுங்கள். ஏறுவது மூச்சைச் சோதிக்கும். இறங்குவது முழங்காலையும் தொடைத் தசையையும் சோதிக்கும். சென்னிமலை இரண்டாம் தடவை இறங்கும்போது கால் நடுங்கினால் இன்னும் இரண்டு வாரம் பயிற்சி வேண்டும் என்று பொருள். பருவம் மே வரை இருக்கிறது, அவசரம் இல்லை.

துணி: இதில் நீங்கள்தான் நிபுணர்

மலையேற்ற உடை என்ற பெயரில் கடைகளில் விற்பதற்குக் கொடுக்கும் விலை நமக்குத் தேவையில்லை. அந்த உடையில் பாதி நம் ஊரில் தைத்ததுதான். எந்தத் துணி எதற்கு என்று தெரிந்தால் திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சத்திலும் செகண்ட்ஸிலும் எல்லாம் கிடைத்துவிடும்.

முதல் பாடம் பருத்தியைப் பற்றி. அன்றாடத்துக்குப் பருத்தியை மிஞ்சியது இல்லை. ஆனால் இரவு மலையில் அது எதிரியாகும். நிலையான காற்று ஈரத்தில் பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம் ஈரத்தைத் தானாகவே பிடித்து வைத்திருக்கும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். இதைப் புத்தகத்தில் படித்து நம்ப வேண்டாம், கம்பெனியிலேயே பார்க்கலாம். ஜி.எஸ்.எம். கட்டரில் 180 ஜி.எஸ்.எம். பருத்தி சிங்கிள் ஜெர்சி ஒரு வட்டம், அதே அளவு கனமுள்ள பாலியஸ்டர் இன்டர்லாக் ஒரு வட்டம் வெட்டுங்கள். இரண்டையும் தண்ணீரில் முக்கி, ஒரே மாதிரிப் பிழிந்து, தராசில் வையுங்கள். வட்டத்தின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்பதால் தராசு காட்டும் கிராமை 100-ஆல் பெருக்கினால் ஈரத் துணியின் ஜி.எஸ்.எம். வந்துவிடும். பிறகு ஃபேன் காற்றில் தொங்கவிட்டு அரை மணி நேரம் கழித்து மறுபடி எடை பாருங்கள். பருத்தி வட்டத்தில் மிச்சமிருக்கும் ஈரம்தான் ஆறாவது மலைக் காற்றில் உங்கள் முதுகில் ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சப் போகிறது.

1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். இங்கே அடிவாரத்திலிருந்து ஏறும் உயரமே அதற்கு மேல். ஐந்தாவது மலையிலிருந்து மரம் குறைந்து புல்வெளி வருகிறது. தடுக்க எதுவும் இல்லாமல் காற்று அடிக்கும். அடிவாரத்தில் சட்டை நனைய வியர்த்தவர் மேலே பல் கிட்டிப்போய் நிற்பது இதனால்தான். ஆகவே உடை மூன்று அடுக்கு.

ஏறும்போது உடம்பில்: பாலியஸ்டர் இன்டர்லாக் அல்லது மைக்ரோ டீ-ஷர்ட், 130 முதல் 160 ஜி.எஸ்.எம். போதும். கீழே லேசான பாலியஸ்டர் ட்ராக் பேன்ட். ஜீன்ஸ் கூடவே கூடாது; நனைந்தால் இரட்டிப்புக் கனம், முழங்கால் மடங்காது.

பையில், மேலே போட: போலார் ஃப்ளீஸ் ஜாக்கெட். நம் ஊர் ஹூடிகள் பெரும்பாலும் பருத்தி அல்லது பருத்தி கலந்த த்ரீ-த்ரெட் ஃப்ளீஸ். அதுதான் இருக்கிறதென்றால் எடுத்துப்போகலாம், ஆனால் ஏறும்போது போடாதீர்கள். வியர்வை படாமல் பையில் வைத்திருந்து, நின்ற பிறகு போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே: காற்று புகாத நைலான் விண்ட்சீட்டர். கோடை மழைக்கும் ஓரளவு தாங்கும்.

தையலையும் பாருங்கள். டீ-ஷர்ட்டை உள்புறமாகத் திருப்பித் தோள்பட்டைத் தையலில் விரலை ஓட்டுங்கள். ஓவர்லாக் தையல் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். அதன் மேல் பைப் பட்டை ஐந்து மணி நேரம் அழுத்தினால் தோல் சிவந்து எரியும். ஃபிளாட்லாக் அடித்தது தட்டையாகக் கிடக்கும், அதை எடுங்கள். உள்ளாடைக்கும் இதே கணக்கு. தொடை உரசிப் புண்ணானவர் இறங்கும் பாட்டைப் பார்த்தவர் இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டார். தொடை நீளம் வரும் ட்ரங்க்ஸ் போட்டு, உரசும் இடத்தில் வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொள்ளுங்கள். காவி வேட்டியில் ஏறுவதாக வேண்டுதல் இருந்தாலும் உள்ளே இது இருக்கட்டும்.

பாலியஸ்டருக்கு ஒரு குறை உண்டு. நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கற்பூரம் ஏற்றும் இடத்தில் தள்ளி நில்லுங்கள்.

கால்: பழகிய, அடிப்பாகம் தேயாத ஸ்போர்ட்ஸ் ஷூ. புது ஷூவில் மலையேறாதீர்கள். இரண்டு ஜோடி சாக்ஸ், ஒன்று பையில் உலர்ந்தபடி. வெறுங்காலில் ஏறுபவர்கள் நிறைய. அது வேண்டுதல் என்றால் உங்கள் விருப்பம், ஆனால் இறங்கும்போது வெயிலில் கல் சுடும் என்பதால் ஷூவைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கால் நகத்தை வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் விரல் ஷூ நுனியில் மோதி மோதி நகம் கறுத்துவிடும்.

பை

20 முதல் 25 லிட்டர் கொள்ளும் காலேஜ் பை போதும். பெரிய பை எடுத்தால் நிரப்பத் தோன்றும். பட்டை தோளிலிருந்து நழுவாமல் இருக்க, கம்பெனிக் கடைகளில் கிடைக்கும் ஓர் அங்குல டேப்பும் பக்கிளும் வாங்கி, இரண்டு பட்டையையும் மார்புக்குக் குறுக்கே இணைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். பவர் டேபிள் டெய்லருக்கு இது ஐந்து நிமிட வேலை. அதுவே முதுகுப் பாரத்தை ஆடவிடாமல் பிடித்துவிடும்.

தண்ணீரோடு சேர்த்து மொத்தக் கனம் 5 கிலோவுக்குள். பேக்கிங் செக்‌ஷன் தராசில் நிறுத்திப் பாருங்கள். கூடினால் எதைக் குறைப்பது என்று ஒவ்வொரு பொருளிடமும் கேளுங்கள்: நீ இல்லாவிட்டால் எனக்கு என்ன ஆகும்? குளிரும், வழுக்கும், தாகமெடுக்கும், வழி தெரியாது என்று பதில் வந்தால் இருக்கட்டும். ‘சும்மா இருக்கட்டுமே’ என்று பதில் வந்தால் ரூமிலேயே இருக்கட்டும்.

பட்டியல்:

1. உலர்ந்த டீ-ஷர்ட் ஒன்று, உள்ளாடை ஒன்று, சாக்ஸ் ஒரு ஜோடி, மெல்லிய துண்டு
2. ஃப்ளீஸ், விண்ட்சீட்டர், குரங்குக் குல்லா
3. தண்ணீர் 2 லிட்டர், ஸ்டீல் பாட்டிலில்
4. சாப்பாடு, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு
5. தலையில் மாட்டும் டார்ச், மாற்று பேட்டரி
6. போன், சிறிய பவர் பேங்க், கேபிள்
7. மருந்து: பாராசிட்டமால், பிளாஸ்திரி, கிரேப் பேண்டேஜ், நீங்கள் அன்றாடம் போடும் மாத்திரை
8. ஆதார் நகல், சில்லறையாக ரூ.500, அவசரச் சீட்டு
9. ஒரு விசில்
10. குப்பைக்கு ஒரு துணிப்பை

வைக்கும் வரிசையும் முக்கியம். அடியில் உலர்ந்த உடை, அதன் மேல் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலே ஃப்ளீஸும் விண்ட்சீட்டரும். குளிர் திடீரென்று வரும். அப்போது இருட்டில் பையைக் கொட்டித் தேடக்கூடாது. டார்ச் பேட்டரியும் ஓ.ஆர்.எஸ்.ஸும் முன் ஜிப்பில். தண்ணீர் பக்கப் பையில், கை எட்டும் தூரத்தில்.

துணியை ஈரம் படாமல் வைக்க நம் ஊர்க்காரர் யாருக்கும் முதலில் தோன்றுவது கம்பெனி பாலி கவர். அதைச் செய்யாதீர்கள். அடிவாரத்தில் வனத்துறை ஊழியர்கள் பையைத் திறந்து பார்த்து பிளாஸ்டிக் கவர்களை எடுத்துவிடுவார்கள். பிஸ்கட்டுகூடக் காகிதத்துக்கு மாறும். தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்கி, திரும்பக் கொண்டுவந்து காட்டினால் பணத்தைத் தரும் முறையும் இருக்கிறது. பீடி, சிகரெட், தீப்பெட்டிக்கும் அனுமதி இல்லை. மார்ச் மாதத்துக் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும் என்பதற்குக் குரங்கணியே சாட்சி. கவருக்குப் பதிலாகக் கட்டிங்கில் மிஞ்சிய துணியில் மூன்று சுருக்குப் பை தைத்து, மழைக்குப் பயந்தால் உலர்ந்த உடையை மூடி போட்ட ஸ்டீல் டப்பாவில் அடையுங்கள். திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் பிறப்பது இந்த மலைத்தொடரில்தான். அதன் கீழ்ப்பகுதிக்கு நாம் செய்தது போதும், தலைப்பகுதியையாவது விட்டுவைப்போம்.

தண்ணீரும் சாப்பாடும்

பருவத்தில் வழியில் சுக்கு காபி, சோடா, எலுமிச்சை ஜூஸ் விற்கும் கடைகள் இருக்கும். பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஏழாவது மலைக்கு முன்னால் ஆண்டிச் சுனை என நீர் ஊறும் இடங்களும் உண்டு. இரண்டையும் உபரியாகவே எண்ணுங்கள். கடை மூடியிருக்கலாம், சுனை ஏப்ரலில் கசிந்துகொண்டு மட்டும் இருக்கலாம்.

தாகம் எடுத்த பிறகு மடமடவென்று குடிக்காமல், இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நான்கு மடக்கு குடியுங்கள். வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளலாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டிய அளவு.

விரதம் என்று வெறும் வயிற்றில் ஏறுபவர்கள் இருக்கிறார்கள். தனியாகப் போகும் முதல் தடவை அது வேண்டாம். மாலை ஆறு மணிக்கு இட்லியோ தயிர் சாதமோ அரை வயிறு சாப்பிடுங்கள். பரோட்டாவும் பிரியாணியும் வேண்டாம். முதல் மலைப் படிக்கட்டிலேயே நெஞ்சைக் கரிக்கும். பையில் வாழையிலையில் கட்டிய புளிசாதம், கடலை மிட்டாய், பேரீச்சை, இரண்டு வாழைப்பழம். மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக. புளிசாதத்தை உச்சியில் முடித்துவிடாமல் பாதியை இறக்கத்துக்கு வையுங்கள்.

விளக்கு, போன், சீட்டு

டார்ச் தலையில்தான் இருக்க வேண்டும். ஒரு கையில் தடி, இன்னொரு கை பாறையைப் பிடிக்க. கையில் போனைப் பிடித்துக்கொண்டு வழுக்குப் பாறையில் ஏறுபவர் ஒரே நேரத்தில் இரண்டு பொருளை இழக்கத் தயாராகிறார். போன் வெளிச்சத்துக்கு இல்லை, 108-க்கு. மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. சிக்னல் தேடியே பேட்டரி தீரும் என்பதால் ஃப்ளைட் மோடில் வைத்து, ஒவ்வொரு மலை முடிவிலும் மட்டும் திறந்து பாருங்கள்.

மூங்கில் தடி அடிவாரத்தில் கிடைக்கும். நெஞ்சு உயரத்துக்கு, கணு நெருக்கமானதாகப் பார்த்து வாங்குங்கள். ஏறும்போது உதவியாக இருக்கும், இறங்கும்போது அதுதான் மூன்றாவது கால்.

தனியாகப் போகிறவருக்கு மிக முக்கியமான பொருள் ஒரு காகிதம். இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்று உங்கள் சட்டைப்பையில்: பெயர், ரத்த வகை, வீட்டு எண், சாப்பிடும் மாத்திரை, ஒவ்வாமை. மற்றொன்று ரூம் நண்பரிடமோ வீட்டிலோ: எந்த மலை, எத்தனை மணிக்கு ஏறுகிறேன், எத்தனை மணிக்கு இறங்குவேன், எத்தனை மணி வரை போன் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும். ‘போன் பண்றேன்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது தகவல் ஆகாது. ‘ஞாயிறு மதியம் 2 மணிக்குள் கூப்பிடுவேன், கூப்பிடாவிட்டால் 112-க்குப் பேசு’ என்பதுதான் தகவல்.

கிளம்பும் நாள்

அருள்புரத்திலிருந்து பூண்டி ஏறக்குறைய 80 கி.மீ. பல்லடம் போய், அங்கிருந்து சூலூர் வழியாகச் சிங்காநல்லூர், பிறகு டவுன் பஸ்ஸில் காந்திபுரம். காந்திபுரத்திலிருந்து பேரூர், ஆலாந்துறை வழியாகப் பூண்டிக்குப் பேருந்து உண்டு. பேருந்து நேரத்தை முன்பே விசாரித்து, மாலை நான்கரைக்குள் கிளம்புங்கள். கடைசி சில கிலோமீட்டர் யானை கடக்கும் பகுதி. பேருந்தைத் தவறவிட்டு இருட்டில் நடந்து போக நினைக்காதீர்கள்.

பைக்கைவிடப் பேருந்தையே சொல்வேன். மலையில் தடுமாறினால் தடி இருக்கிறது. இரவு முழுக்க விழித்தவர் ஞாயிறு மதியம் சூலூர் ரோட்டில் கண் சொருகினால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

இரவு பதினொன்றுக்கு ஏறத் தொடங்கினால் விடியும் நேரத்துக்கு உச்சி. மிகச் சீக்கிரம் ஏறிவிட்டு மேலே இரண்டு மணி நேரம் குளிரில் காத்திருப்பது வீண் சோர்வு. நுழைவு நேரத்தை வனத்துறை மாற்றி வைத்திருந்தால் அதற்கேற்ப உங்கள் கணக்கை மாற்றுங்கள்.

மலையில்

ஏழு மலையில் கடினமானது முதல் மலை. படிக்கட்டு செங்குத்தாக நீண்டு விநாயகர் கோயில் வரை விடாது. இங்கே வேகம் காட்டியவர்கள்தான் மூன்றாவது மலையில் உட்கார்ந்திருப்பார்கள். ஐம்பது படிக்கு ஒரு தடவை நின்று பத்து மூச்சு. உட்கார வேண்டாம், நின்றபடியே. இந்தக் கோயிலை அடையும்போது ‘இன்னும் இதே மாதிரி ஒரு மடங்கு ஏற முடியும்’ என்று தோன்றாவிட்டால் திரும்ப நல்ல இடம் அதுவே.

எதிரே இறங்கி வருபவரிடம் “அண்ணா, இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டால் “பக்கந்தாங்ணா, வந்துருச்சு” என்பார். அடிவாரத்தில் கேட்டாலும் அதே பதில். தெம்பூட்டச் சொல்வது அது. கணக்குக்கு உங்கள் கடிகாரத்தைப் பாருங்கள்.

நான்காவது மலை முடிந்ததும், புல்வெளிக் காற்று தொடங்கும் முன்பே நின்று, நனைந்த டீ-ஷர்ட்டைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டு, மேலே ஃப்ளீஸ். குளிர்ந்த பிறகு மாற்றலாம் என்று தள்ளிப்போட்டால் விரல் விறைத்து ஜிப் இழுக்க வராது. ஆண்டிச் சுனையில் குளித்துவிட்டு உச்சிக்குப் போவது பலரின் வழக்கம். குளிப்பதென்றால் அந்த உலர்ந்த உடையை அதுவரை நனைக்காமல் காப்பாற்ற வேண்டும். ஒரே ஒரு மாற்று உடை வைத்திருப்பவர் முகம், கை, கால் கழுவுவதோடு நிறுத்துவது நல்லது.

பாதையை விட்டு விலகாதீர்கள். குறுக்குவழியும் சிறுநீர் கழிக்கப் புதருக்குள் வெகுதூரம் போவதும் வேண்டாம்.

திரும்பும் விதிகளை ஏறுவதற்கு முன்பே எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். களைப்பில் மனம் வாதாடும், காகிதம் வாதாடாது.

மார்பில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, நின்ற பிறகும் அடங்காத மூச்சு, குளிர் வியர்வை, தலைச்சுற்றல்: இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த இடத்திலேயே உட்காருங்கள். அருகில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மேலிருந்து ஆளை இறக்க டோலிதான், அதற்கு மணிக்கணக்கில் ஆகும். அதனால் ‘கொஞ்சம் பார்க்கலாம்’ என்று ஒரு படிகூட மேலே வைக்கக் கூடாது.

தண்ணீர் பாதி தீர்ந்து, முன்னால் கடையோ சுனையோ உறுதியில்லை என்றால் திரும்புங்கள்.

காலை ஏழு மணிக்கு எங்கே இருக்கிறீர்களோ அங்கிருந்து திரும்புங்கள். தாமதித்தால் இறக்கம் முழுக்க உச்சி வெயிலில்.

இடி கேட்டால், ஐந்தாவது மலைக்கு மேலே இருந்தால், உடனே கீழே. மொட்டைப் புல்வெளியில் உயரமாக நிற்பது நீங்கள் மட்டும்தான்.

இறங்கிய பிறகு

இறங்கும்போது அடியைச் சின்னதாக வையுங்கள், முழங்காலைச் சற்று மடக்கி, தடியை முன்னால் ஊன்றி. அடிவாரம் வந்ததும் முதல் வேலை ரூமுக்குப் போன். அடுத்தது குப்பையைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்ப்பது. பிறகு சூடாகச் சாப்பிட்டு, பேருந்தில் ஜன்னலோரம் தூங்குங்கள். திங்கட்கிழமை தொடை வலிக்கும். படி இறங்கும்போது சுவரைப் பிடிப்பீர்கள். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். முழங்கால் வீங்கினாலோ சிறுநீர் கரும்பழுப்பாகப் போனாலோ அதே நாளில் மருத்துவரைப் பாருங்கள்.

அந்த வாரமே பையைத் திறந்து ஒரு கணக்குப் போடுங்கள்: தொட்டது எவை, தொடாதது எவை. மருந்தும் விசிலும் தொடாமல் திரும்பியது நல்லது, அவை அடுத்த முறையும் போகட்டும். மற்றபடி தொடாத பொருள் அடுத்த பட்டியலில் வராது.

மூன்றாவது மலையோடு திரும்பியிருந்தாலும் நீங்கள் செய்தது முழுமையான தனி இரவு நடைதான். தனியாகப் போனவரின் திறமையை அளப்பது அவர் எவ்வளவு உயரம் ஏறினார் என்பதை வைத்து இல்லை. சொன்ன நேரத்துக்குள், தன் காலில், வீட்டுக்குப் போன் பண்ணினாரா என்பதை வைத்து. அடுத்த வருடமும் பிப்ரவரியில் பாதை திறக்கும்.